வேதன உண்டோ, அங்கிளே?

கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் 30 வருஷமாக வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறேன். லோடு ஏற்ற வரும் டிரைவர்களிடம் பேசிப் பேசியே எனக்கு மலையாளம் வந்துவிட்டது. வீட்டுக்காரி சுரண்டைப் பக்கம், அவளுக்கு அவ்வளவாக வராது. புராஸ்டேட் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் ரோபோட்டிக் ஆபரேஷன் முடிந்த ராத்திரி நான் அரை மயக்கத்தில் கிடந்தேன். அவள்தான் சிஸ்டரிடம் போய், "இவருக்கு வலிக்குதாம்" என்றாள். அந்தப் பிள்ளை ஓடி வந்து மூத்திர டியூப் எங்கேயாவது இழுபடுகிறதா என்று பார்த்தது. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. நம்முடைய வலிக்கு அங்கே வேதன என்று பெயர்.

"வேதன உண்டோ, அங்கிளே? பத்தில் எத்ர?"

வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறது அந்தப் பிள்ளை. ரெண்டு என்றேன். நிஜத்தில் ஏழு இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றே வளர்ந்தவன் நான். ஆனால் விடிவதற்குள் இருமப் பயம், மூச்சை ஆழமாக இழுக்கப் பயம், கட்டிலை விட்டு இறங்கவே பயம். காலையில் டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: வலி அடங்கினால்தான் நடப்பீர்கள். நடக்காவிட்டால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டும், நெஞ்சில் சளி சேரும். அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, அது ஒரே வலி இல்லை. வயிற்றில் ஆறு துளை போட்டிருக்கிறார்கள், எனக்கோ வலது தோள்பட்டை குடைந்தது. ஆபரேஷனுக்காக வயிற்றை கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைப்பார்களாம். மிச்ச வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும்போது, அதன் நரம்பு வழியாக வலி தோளில் தெரியுமாம். வராந்தாவில் நடக்க நடக்க மூன்றாம் நாள் போய்விட்டது. தொப்புள் பக்கத்துக் காயம் மற்றதைவிடப் பெரிது, புராஸ்டேட் சுரப்பியை அது வழியாகத்தான் வெளியே எடுக்கிறார்கள். அதற்கு பாராசிட்டமால் போதுமாக இருந்தது. இரும வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன்.

படுத்தி எடுத்தது வேறொன்று. டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது, சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அதே தலையணை. தென்மலை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் திடீரென்று அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. மூத்திரம் முட்டுகிற மாதிரி இருக்கிறது, டியூபைச் சுற்றிலும் கசிகிறது. இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டது, சட்டையெல்லாம் வேர்வை. போன் பண்ணிக் கேட்டோம். மூத்திரப்பை தனக்குள் கிடக்கிற டியூபைத் தள்ளப் பார்க்கிற இறுக்கமாம். அதற்கு வலி மாத்திரை அவ்வளவு கேட்காது, தசையைத் தளர்த்துகிற மாத்திரை தனியாக இருக்கிறது. முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, பையில் மூத்திரம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இறங்காமல் நின்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ உடனே வரணும்.

அப்புறம் மலச்சிக்கல். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, சொல்லணும். வலிக்குக் கொடுத்த டிரமடால் மாத்திரை போட்ட இரண்டு நாளில் வயிறு கட்டிக்கொண்டது. முக்கினால் டியூபில் ரத்தம் தெரிந்தது. டாக்டர் டிரமடாலை நிறுத்தி, ராத்திரி மலத்தை இளக்குகிற லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார். தண்ணீரைக் கூட்டினேன். மண்டியில் இருந்து பேயன் பழம் வந்தது. இரண்டு நாளில் இளகிவிட்டது. டியூப் நுனி உரசி எரிந்ததற்கு மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் ஜெல்லியும், டியூப் ஆடாமல் தொடையில் ஒட்டும் பட்டையும் போதும்.

வீட்டுக்காரி மண்டி பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி வந்தாள்: மணி, இடம், பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை. பத்தாம் நாள் டியூப் எடுக்கப் போனபோது டாக்டர் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

இப்போது ஐந்தாவது வாரம். மண்டி ஸ்டூலில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அடியில் ஒரு மந்தமான வலி. துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். தார் தூக்க டாக்டர் இன்னும் விடவில்லை. உங்களில் யாருக்காவது இந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் கேளுங்கள், அந்த பில் புக் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.