மடிப்புக் கூரையும் ஒக்டோபர் மழையும்

ஒக்டோபர் 11, 2025, சனி

நேற்றுப் பின்னேரத்து மழைக்குப் பிறகு என் யூனோஸ் காரின் வலது இருக்கைக்குப் பின்னால் விரிப்பை அமத்தினால் தண்ணீர் கசிகிறது. கூரையின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பின் பாதி காய்ந்தே இருக்கிறது. அப்படியென்றால் மேலிருந்து சொட்டவில்லை.

என்ன கார் என்று கேட்டவர்களுக்காக: இது மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். மாமா கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனது. கொழும்பு வெள்ளவத்தையில் கூரை இல்லாத தரிப்பிடம், கூப்பிடு தூரத்தில் கடல். ரெக்சின் கூரை வைத்த காருக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

இருக்கையைக் கழற்றி விரிப்பைத் தூக்கியாயிற்று. விரிப்பு மேலே காய்ந்தாலும் அடியிலுள்ள பஞ்சு நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சண மணம் அங்கிருந்துதான் வருகிறது. தகரத்தில் கறள் தொடங்கவில்லை, நல்ல காலம்.

இந்தக் காரில் கூரையின் பின் விளிம்பை முழுக்க அடைத்து வைப்பதில்லை. அந்த வழியால் கொஞ்சத் தண்ணீர் இறங்கும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பீலி அதைப் பிடித்து இரண்டு பக்கமும் அனுப்பும். இருக்கைகளுக்குப் பின்னால் மூலைக்கு ஒன்றாக இரண்டு வடிகால் துளைகள். அங்கிருந்து குழாய் வழியாக, பின் சில்லுக்கு முன்னால், காரின் அடியில் தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரை இடது துளையில் ஊற்றினேன், உடனே தரையில் விழுந்தது. வலது பக்கம் அப்படியே குளமாக நின்றது.

கம்பியால் குத்தக் கூடாது. குழாய் உள்ளே கழன்றால் தண்ணீர் நேரே கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகரத்துக்குள் போகும், அந்த இடம் உள்ளிருந்தே அழுகும். இந்த மாடலின் பேர்போன வியாதி அது. புல் வெட்டும் இயந்திரத்தின் நைலோன் நூலை நுனி மழுக்கி, சுழற்றிச் சுழற்றி விட்டேன். முதலில் சேறு, பிறகு பொடி இலைகள். பௌத்தாலோக மாவத்தையில் அலுவலகத்துக்கு முன்னால் தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் நிறுத்துவதற்கு இதுதான் வாடகை.

ஒக்டோபர் 15, புதன்

வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். முன் கண்ணாடிச் சட்டத்தில் கூரை வந்து அமரும் இடத்துப் பீடிங்கும் (தண்ணீர் புகாமல் அடைக்கும் இறப்பர் பட்டி) தட்டையாகிப் போயிருக்கிறது, அதற்கு மாற்றுத் தேடி. அச்சு அசல் கிடைக்கவில்லை. வெட்டு வடிவம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற பழைய கழற்றல் ஒன்று கிடைத்தது, இறப்பர் இன்னும் மெதுமையாக இருக்கிறது.

கடைக்காரர், “எதுக்கு சேர் இவ்வளவு? சிலிக்கோன் ஒரு டியூப் எடுத்துச் சுற்றிவரப் பூசிவிடுங்க, வேலை முடிஞ்சுது” என்றார். கொழும்பில் மடிப்புக் கூரை வைத்திருக்கிற எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். சிலிக்கோன் பூசிய இடத்தில் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. அதைவிட, பின் விளிம்பில் பூசி வடிகாலையும் சேர்த்து மூடிவிட்டால் வந்த தண்ணீர் போக வழியே இல்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வேறெங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஹோஸால் தண்ணீர் விட்டுச் சோதனை. மருமகள் டோர்ச்சோடு உள்ளே, நான் வெளியே. ஹோஸின் வாயைத் திறந்தபடி, அழுத்தம் இல்லாமல், கீழிருந்து மேலே போக வேண்டும்: கதவின் அடி, ஷட்டர் (கதவுக் கண்ணாடி) ஓரம், முன் சட்டம், கடைசியில்தான் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் விளங்காது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓடு ஓரிடத்திலும் ஒழுக்கு இன்னோரிடத்திலும் இருப்பதுபோலத்தான் இதுவும்.

“மாமா, இங்க! கண்ணாடிக்கு மேல் மூலை!” என்று கத்தினாள். இடது பக்கம், முன் தூணும் கூரையும் சேரும் இடம். ஒரு கடதாசித் துண்டை பீடிங்குக்கும் ஷட்டருக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்தேன். மற்ற இடங்களில் இறுகப் பிடித்தது, அந்த மூலையில் சும்மா வந்துவிட்டது. பீடிங்கில் முகப்பவுடர் தடவி மூடித் திறந்தபோதும் அதே இடத்தில்தான் கண்ணாடியில் பவுடர் படியவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. பின்பக்கம் காய்ந்திருக்கிறது.

ஒக்டோபர் 25, சனி

ஷட்டரைச் சரிசெய்தேன். சட்டமில்லாத கதவு என்பதால் கண்ணாடி எந்தச் சாய்வில் நிற்கிறதோ அந்தச் சாய்வில்தான் பீடிங்கைத் தொடும். கதவின் உள் அட்டையைக் கழற்றி, வழிகாட்டித் தண்டின் நட்டுகளைத் தளர்த்தி, மேல் விளிம்பைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தால் போதும். அதிகம் சாய்த்தால் கதவைச் சாத்தும்போது பீடிங்கையே கிழிக்கும்.

அப்புறம் கொட்டாஞ்சேனையில் குஷன் வேலை செய்யும் பாஸிடம் போனேன். கூரைக்கு உள்ளே விளக்கைப் பிடித்து வெளியே இருந்து தையலைப் பார்த்தார். ஊசித் துளைகள் வழியே வெளிச்சம். “தம்பி, ரெக்சின் இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்கும். நூல்தான் வெயிலுக்குப் போயிட்டுது. புதுசு போடுறதெண்டால் துணிக்கூரை போடுங்கோ, இதுக்குச் செலவழிக்காதேங்கோ” என்றார். துணிக்கூரை என்று அவர் சொன்னது மூன்று அடுக்கு: வெளியே அக்ரிலிக், நடுவில் ரப்பர், உள்ளே பருத்தி கலந்த துணி. விலை கேட்டபின் பேச்சை மாற்றினேன். போன தையல்களைப் பழைய துளைகளிலேயே பொலியெஸ்டர் நூலால் திரும்ப ஓடினார். புதிய துளை போட்டால் புதிய ஒழுக்கு என்பது அவர் கணக்கு. மேலே தையலுக்கென்றே விற்கிற மெல்லிய சீலரைத் தூரிகையால் தடவினார். வேலை தெரிந்த கை.

நவம்பர் 5, புதன்

போயா (பௌர்ணமி) விடுமுறை. முன் பீடிங்கை ஒட்டினேன். பழைய பசையைச் சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டுப் பிறகு அமத்த வேண்டும். காய்ந்த பின் இறப்பருக்குச் சிலிக்கோன் கிரீஸ். பெற்றோலியக் கிரீஸ் பூசினால் இந்த வகை இறப்பர் ஊதிப்போகும்.

நவம்பர் 8, சனி

இரவு முழுக்க இடியோடு மழை. முன் மூலை, தையல், இருக்கைக்குப் பின்னால், எல்லாம் காய்ந்திருக்கின்றன. ஆனால் டிக்கியில், பற்றரிக்குப் பக்கத்தில், ஒரு கைப்பிடி ஈரம். இது கூரையின் வேலை இல்லை, பின் விளக்கின் வாசராக இருக்க வேண்டும். நாளைக்கு விளக்கைக் கழற்றுகிறேன்.