கரோலினை எங்களுக்குக் காட்டித்தந்த ரீச்சர்

எங்கள் பழைய விஞ்ஞான மன்றத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பாடசாலை மலர்க் குழு கேட்டது. கண்காட்சி, வினாவிடைப் போட்டி, ஆய்வுகூடத்தில் உடைந்த சோதனைக் குழாய்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதப்போவது நம் பாடசாலைப் பக்கமே வராத ஒரு அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி. வால்வெள்ளிகளைத் தேடிக் கண்டவர், பெயர் கரோலின் ஷூமேக்கர். அவரை எங்களுக்குக் காட்டித்தந்தவர் எங்கள் பௌதிகவியல் ரீச்சர். தன் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கும் அவர் ரீச்சர்தான்.

1993இல் ஒரு நாள் மன்றத்தின் சுவர்ப் பத்திரிகையில் ஒரு சிறிய செய்தித் துண்டை அவர் குத்திவைத்தார். அடுத்த வருடம் ஜூலையில் ஒரு வால்வெள்ளி வியாழனில் மோதப்போகிறது, அதன் பெயர் ஷூமேக்கர்–லெவி 9. நாங்கள் மோதலைப் பற்றிக் கேட்போம் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். எங்களில் ஒருத்தி, “ஆர் ரீச்சர் அந்த ஷூமேக்கர்?” என்று கேட்டாள். “புருசனும் பெண்சாதியும். ரெண்டு பேருக்கும் ஒரே பேர்.” “அப்ப மனிசி உதவிக்குப் போனவவோ?” ரீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கண்டது அவதான். புருசனும் லெவியும் படம் எடுத்தவை. பிலிமில கிடந்ததைக் கண்டது அவ.”

அன்று மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் அப்படியே கிடக்க, ரீச்சர் கரோலினின் கதையைச் சொன்னார். எங்கிருந்தோ அவருக்குக் கிடைத்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளில் இருந்த அளவுக்குத்தான் அவருக்கும் தெரியும். மிச்சத்தை நான் பின்னாளில் தேடித் தேடி வாசித்தேன்.

கரோலின் 1929இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தது வரலாறும் அரசறிவியலும். சிறிது காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், அது பிடிக்கவில்லை. 1951இல் புவிச்சரிதவியலாளரான யூஜின் ஷூமேக்கரைத் திருமணம் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். யூஜின் சாதாரண ஆள் இல்லை. அரிசோனாவில் இருக்கும் பெரிய கிண்ணக்குழி எரிமலையால் வந்ததல்ல, விண்கல் மோதியதால் வந்தது என்று பாறைகளை வைத்து நிறுவியவர். பூமியில் மோதியவை உண்டென்றால் இனி மோதக்கூடியவை எங்கே இருக்கின்றன என்ற கேள்விதான் அவரைக் கற்களிலிருந்து வானத்துக்குக் கொண்டுபோனது. பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனபின், என்னுடைய வேலையில் சேர்ந்து பாரேன் என்று மனைவியைக் கேட்டார். 1980இல் கரோலின் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 51. விஞ்ஞானப் பட்டம் எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் பத்திரிகைகள் எல்லாம் ‘வால்வெள்ளி பிடித்த இல்லத்தரசி’ என்று எழுதிவிடும். எனக்கு அது எரிச்சல். அவர் செய்தது பொழுதுபோக்கு அல்ல. தனியான ஒரு தொழில்திறன், அதைப் படித்துத் தேர்ந்தார்.

வேலை இப்படி. கலிபோர்னியாவில் பலோமர் மலையில் 46 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஷ்மிட் வகைத் தொலைகாட்டி ஒன்று இருந்தது. அதே மலையில் இருக்கும் 5 மீற்றர் தொலைகாட்டியோடு பார்த்தால் குஞ்சு. ஆனால் வானத்தின் பெரிய பரப்பை ஒரே படத்தில் அள்ளும். ஒவ்வொரு மாதமும் நிலவில்லாத இரவுகளில் ஷூமேக்கர் தம்பதி அங்கே போய், வட்டமாக வெட்டிய பிலிமில் வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் எடுப்பார்கள். பிலிமின் உணர்திறனைக் கூட்ட அதை முன்கூட்டியே வாயுவில் வைத்துச் சூடாக்கி எடுக்க வேண்டும். ஒரே பகுதியை முக்கால் மணித்தியாலம் போல இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுப்பது முக்கியம். நட்சத்திரங்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். சிறுகோளோ வால்வெள்ளியோ கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

பிறகு கரோலினின் முறை. இரண்டு பிலிமையும் ஸ்டீரியோ நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, ஒரு கண்ணுக்கு ஒன்றாகப் பார்ப்பார். மாறாத நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே தளத்தில் படுத்திருக்க, நகர்ந்த புள்ளி மட்டும் அந்தத் தளத்துக்கு மேலே மிதப்பதுபோலத் தெரியும். அதில் வால்வெள்ளி என்றால் புள்ளி கூராக இராது, பஞ்சுபோல மங்கி இருக்கும். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களுக்குள் ஒரு மங்கல்!

ரீச்சர் இதை வாயால் சொல்லி விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு தாள்களில் ஒரேமாதிரிப் புள்ளிகளைக் குத்திக்கொண்டு வந்தார். ஒரு புள்ளியை மட்டும் இரண்டாவது தாளில் அரிசிமணி அளவுக்குத் தள்ளி வைத்திருந்தார். தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கொப்பி மட்டையைப் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னார். பலருக்குத் தலையிடிதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு இரண்டு தாளும் ஒன்றாகி, ஒரு புள்ளி மட்டும் எழும்பி நின்றது. “ரீச்சர், ஒண்டு மேல நிக்குது!” என்று கத்தினேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். நான் இன்று வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அந்தத் தாள்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகிவிடும். உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளும் காரணம். ஆனால் ஒன்று சொல்வேன். வழக்கமானதை ஆயிரம் முறை பார்த்த கண்ணுக்குத்தான் வழக்கமில்லாதது தானாகத் தட்டுப்படும். கரோலினின் வாழ்க்கையை வாசிக்கும்போதெல்லாம் நான் தலையாட்டுவது அந்த இடத்தில்தான்.

முதல் வால்வெள்ளியை அவர் 1983இல் கண்டார். மொத்தம் 32 வால்வெள்ளிகள், 800க்கும் அதிகமான சிறுகோள்கள் அவர் கணக்கில் வருகின்றன. பட்டம் இல்லாமல் வந்தவருக்கு 1990இல் வட அரிசோனாப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

இனி அந்த வியாழன் வால்வெள்ளிக்கு வருகிறேன். 1993 மார்ச் மாத இறுதியில் யூஜின், கரோலின், அவர்களோடு சேர்ந்து தேடிய டேவிட் லெவி மூவரும் பலோமரில் இருந்தார்கள். பிலிம் பெட்டியை யாரோ திறந்துவிட்டதால் மேலே இருந்த பிலிம்களில் வெளிச்சம் பட்டிருந்தது. முகில் வேறு. நல்ல பிலிமை இப்படிப்பட்ட வானத்தில் வீணாக்குவதா என்று யூஜின் யோசித்தபோது, பழுதான பிலிமிலாவது எடுத்துப் பார்ப்போமே என்றார் லெவி. எடுத்தார்கள். மார்ச் 25ஆம் திகதி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கரோலின் திடீரென்று நிமிர்ந்தார். இது என்னவென்று தெரியவில்லை, நசுங்கிப்போன வால்வெள்ளி மாதிரி இருக்கிறது என்பதுபோல ஏதோ சொன்னார். அரிசோனாவில் இருந்த வானியலாளர் ஜிம் ஸ்கொட்டி வேறொரு தொலைகாட்டியால் பார்த்து உறுதிசெய்தார். ஒரு வால்வெள்ளி துண்டு துண்டாகி, வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

பாதையைக் கணக்கிட்டபோதுதான் விசயமே விளங்கியது. அது சூரியனைச் சுற்றவில்லை, வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்தது. 1992 ஜூலையில் வியாழனுக்கு மிகக் கிட்டப் போனபோது அதன் ஈர்ப்பு வால்வெள்ளியைப் பிய்த்துப்போட்டிருக்கிறது. அடுத்த சுற்றில் வியாழனிலேயே விழும் என்ற செய்தி 1993 மே மாதத்தில் வெளிவந்தது. சுவர்ப் பத்திரிகையில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

1994 ஜூலை 16 முதல் 22 வரை, 21 துண்டுகள் செக்கனுக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. G என்று பெயரிட்ட துண்டு விழுந்த இடத்தில் பூமியளவு அகலமான கறுப்புத் தழும்பு வந்தது. சிறிய தொலைகாட்டிகளுக்கே தெரிந்த தழும்புகள் அவை. ரீச்சர் எங்கோ இரவல் வாங்கிய ஒரு தொலைகாட்டியை மாலையில் மைதானத்தில் நிறுத்தினார். நீண்ட வரிசை. எனக்குத் தெரிந்தது ஆடிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் வட்டமும் அதில் இருந்தும் இல்லாததுமான ஒரு அழுக்கும். தழும்பை அப்பட்டமாகக் கண்டதாகச் சொன்னவர்களில் பாதிப்பேரை நான் இன்னும் நம்பவில்லை. அவர்கள் இந்த மலரைக் கட்டாயம் வாசிப்பார்கள், வாசிக்கட்டும்.

இந்தத் தொழிலுக்கு வந்தவர்களின் பட்டியலே வேடிக்கையானது என்பார் ரீச்சர். 37 வால்வெள்ளிகள் கண்ட ழான் லூயி பொன்ஸ், மார்செய் வான்காணகத்துக்கு வாயிற்காவலராகப் போனவர். 1786இல் வால்வெள்ளி கண்ட கரோலின் ஹெர்ஷல், பாட்டுக்காரியாக மேடையேறிக்கொண்டிருந்து, தமையனுக்காக வானியலுக்கு வந்தவர். ஜப்பானின் கவோரு இக்கேயா பியானோத் தொழிற்சாலைத் தொழிலாளி. தன் கையால் செய்த தொலைகாட்டியால் 1963இல் தன் முதல் வால்வெள்ளியைக் கண்டபோது அவருக்கு வயது 19. பரீட்சையில் கோட்டைவிட்டவர்களுக்கு ஆறுதலாக ரீச்சர் இதைச் சொல்லவில்லை. அவர் அப்படி ஆறுதல் சொல்லும் ஆளும் இல்லை. ஒழுங்காகக் குறிப்பு எழுதாதவர்களுக்குத்தான் இந்தப் பட்டியலைச் சொல்வார். திகதி, நேரம், இடம் மூன்றும் இல்லாமல் “கண்டேன்” என்று சொன்னால் வானியலில் அது கண்டதே அல்ல என்பார்.

1997 ஜூலையில் அவுஸ்திரேலியாவில் மோதல் கிண்ணக்குழிகளைத் தேடிப் போனபோது நடந்த கார் விபத்தில் யூஜின் இறந்தார். கரோலினுக்குப் பலத்த காயம். யூஜினின் சாம்பலில் கொஞ்சம் லூனார் புரொஸ்பெக்டர் விண்கலத்தோடு சந்திரனுக்குப் போய், 1999 ஜூலை 31இல் அங்கேயே சேர்ந்தது. கரோலின் தேறியெழுந்து மறுபடி வேலைக்குப் போனார். 2021 ஓகஸ்டில், 92 வயதில் காலமானார்.

செய்தியை நான்தான் ரீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் அவரைப் பற்றிப் பேசினோம். அப்புறம், “இப்ப ஆர் பிலிமைப் பாக்கினம்?” என்று கேட்டார். யாரும் இல்லை ரீச்சர் என்றேன். பிலிம் போய் இலத்திரனியல் கமரா வந்தது, பார்ப்பது கணினி. வால்வெள்ளிகளுக்கே இப்போது பான்ஸ்டார்ஸ், அற்லஸ் என்று தேடும் திட்டங்களின் பெயர்கள். அதற்குப் பிறகு வேகம் இன்னும் கூடிவிட்டது. சிலியில் இருக்கும் வேரா ரூபின் வான்காணகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டபோது, ஏறத்தாழ 10 மணித்தியால அவதானிப்பில் 2,104 புதிய சிறுகோள்கள் அகப்பட்டதாகச் சொன்னது. கரோலின் வாழ்நாளில் கண்டதைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு அதில் கவலை எதுவும் இல்லை. பூமிக்குக் கிட்ட வரக்கூடிய கல்லை யார் கண்டால் என்ன, முன்கூட்டியே கண்டால் சரி. ஆனால் அந்தக் கணினிக்குத் தலையிடி வராது, “மேல நிக்குது” என்று கத்தவும் தெரியாது.

நம் பாடசாலையின் இன்றைய மாணவிகளுக்கு ஒரு தகவல். பான்ஸ்டார்ஸ் எடுத்த படங்களைப் பாடசாலைகளுக்கு அனுப்பி, நகரும் புள்ளிகளைத் தேடவைக்கும் சர்வதேசத் திட்டம் ஒன்று நடக்கிறது. கணினியும் இணையமும் போதும். கண்ட புள்ளி உண்மையிலேயே புதியதாக இருந்தால் முதலில் தற்காலிகக் குறியீடு கிடைக்கும். சில வருடங்கள் பின்தொடர்ந்து அதன் பாதை திருத்தமாகத் தெரிந்தபின் இலக்கம் கிடைக்கும். அதற்குப் பிறகு பெயரை முன்மொழியலாம். ஏற்பதா இல்லையா என்று சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு தீர்மானிக்கும். பெயர் ஆங்கில எழுத்தில் 16க்கு மேல் போகக்கூடாது, வியாபாரப் பெயராக இருக்கக்கூடாது, கண்டவர் தன் பெயரையே வைப்பதும் ஆகாது.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் ரீச்சரின் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரே ஆரவாரம். இலக்கம் பெற்ற சிறுகோள்கள் இலட்சக்கணக்கில் பெயரில்லாமல் சுற்றுகின்றன, இடத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் இரண்டுதான். முன்மொழியும் உரிமை கண்டவருக்கு, ஆகவே நம்மில் ஒருத்தி முதலில் ஒன்றைக் கண்டாக வேண்டும். இரண்டாவது, ரீச்சரின் முழுப்பெயரை எழுதி எண்ணிப் பார்த்தோம், 19 எழுத்து. எதை வெட்டுவது என்று இன்னும் சண்டை நடக்கிறது.