மொன்றியல் ஊஞ்சல்கள்: பக்கத்து ஆளோடு பேசவைக்கும் கணக்கு

கனடாவின் மொன்றியல் நகர மெட்ரோவின் பச்சைத் தடத்தில் பிளாஸ்-டேசார் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால், சில நிமிட நடையில் ப்ரொமனாட் தேசார்திஸ்ட் வந்துவிடும். ஒரு பக்கம் இசை அரங்குகள், மறுபக்கம் பல்கலைக்கழக அறிவியல் வளாகம். நடுவில் கிடந்த ஒடுக்கமான இந்த நடைபாதையில்தான் 2011 வசந்தத்தில் ‘டெய்லி தூ லே ஷூர்’ என்ற வடிவமைப்புக் குழு, ஆடினால் இசைக்கும் 21 ஊஞ்சல்களைத் தொங்கவிட்டது. ஆண்டு முழுக்க இருக்கும் அமைப்பு அல்ல அது, வசந்தகாலத்துக்கென வைக்கப்பட்டது.

ஊஞ்சல் ஆடினால் சுரம் ஒலிக்கும். தனியாக ஆடுபவருக்கு அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து ஒரே சீரில் ஆடினால்தான் மெட்டு விரியும். “கொஞ்சம் மெதுவா ஆடுறீங்களா?” என்று கேட்க ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. முன்பின் தெரியாதவரிடம் வாய் திறக்க மனிதருக்கு வேண்டியது இந்தச் சாக்கு மட்டுமே.

ஊஞ்சலைத் தேர்ந்தது மிகச் சரி. 2 மீட்டர் சங்கிலியில் ஒரு முழு வீச்சுக்கு ஏறக்குறைய 2.8 நொடி ஆகும். உட்காருபவரின் எடை அதை மாற்றாது. அதனால் தாத்தாவும் பள்ளிப் பிள்ளையும் இணைந்து ஆடலாம். சங்கிலி நீளங்கள் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஒருவர் 60 பாகை உயரத்துக்கு வீசி, மற்றவர் தாழ்வாக ஆடினால், உயர ஆடுபவருக்கு வீச்சுக்குச் சுமார் 0.2 நொடி கூடுதலாகும். ஏழு வீச்சில் இருவரும் எதிரெதிராகிவிடுவார்கள். நின்று ஆடினாலும் சீர் கெடும். ஆகவே ‘சேர்ந்து ஆடுகிறார்கள்’ என்று முடிவெடுக்கும் கணினி நிரலில் கால் நொடி தளர்வாவது விட வேண்டும். கறாராக வைத்தால் மெட்டு வரவே வராது. ஆட்கள் சலித்து எழுந்துவிடுவார்கள்.

இதுபோல ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் அசைவை உணரும் சென்சாரை இருக்கையில் வைக்கக் கூடாது. மணிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மடங்கும் ஒயர் சீக்கிரமே அறும். மேலே, சங்கிலி அசையும் மூட்டான பேரிங் அருகிலேயே பொருத்தலாம். 60 பாகையிலிருந்து கீழிறங்கும்போது தொங்கல் தாங்கும் விசை எடையைப் போல இருமடங்கு: 80 கிலோ ஆளுக்கு 160 கிலோ. பாதுகாப்பு மடங்கை (தேவைக்கு மேல் எத்தனை மடங்கு வலு என்பதை) அதற்கு மேல்தான் கணக்கிட வேண்டும். ஒலி பத்தில் ஒரு நொடிக்கு மேல் தாமதித்தால், அது தன் அசைவால் வந்தது என்றே ஆடுபவருக்குத் தோன்றாது. சுரங்களுக்கு ச ரி க ப த போதும். மோகன ராகத்தின் இந்த ஐந்தும் எப்படிக் கலந்தாலும் உறுத்தாது. ஸ்பீக்கர் சத்தம் பேச்சுக்குரலுக்குக் கீழேயே இருக்கட்டும். இசை பேச்சை அமுக்கினால் இவ்வளவு உழைப்பும் வீண்.

அருகிலுள்ள பிளாஸ் தெ ஃபெஸ்திவால் சதுக்கத்தில் 2015 டிசம்பரில் 30 ஒளிரும் சீசாக்கள் (இரு முனையிலும் ஆள் உட்கார்ந்து மாறிமாறி ஏறி இறங்கும் பலகைகள்) வந்தன. அசையும்போது ஒளியும் ஒலியும் மாறும். சீசாவில் எடை குறுக்கே நிற்கும்: 20 கிலோ குழந்தை 2 மீட்டர் தள்ளி அமர்ந்தால், 80 கிலோ பெரியவர் நடுவிலிருந்து அரை மீட்டரில் உட்கார வேண்டும். “இன்னும் முன்னால வாங்க” என்று எதிராளி சொல்லியே ஆக வேண்டும். கைப்பிடியை நுனியில் மட்டும் வைத்தால் முன்னே நகர்ந்தவருக்குப் பிடிமானம் இருக்காது. பலகையின் பாதி தூரமாவது அது ஓட வேண்டும். முகத்துக்கு முகம் பார்த்து ஆடும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. கூச்சம் உள்ளவர்களுக்கு, பக்கவாட்டில் உட்கார்ந்து எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய ஊஞ்சலே மேல்.