பட்டாணியும் கேரட்டும்: மூன்று பாத்திகளில் பார்த்தது

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் மூன்று பாத்திகள். மூன்றிலும் பட்டாணி ஒரு வரிசை, கேரட் ஒரு வரிசை. முதல் பாத்தியைக் கொத்தி, அடியுரமாகப் பல சத்துகள் கலந்த காம்ப்ளக்ஸ் ரசாயன உரமும் பிறகு மேலுரமாக யூரியாவும் கொடுத்தேன். இரண்டாவதைக் கொத்தி, மக்கிய தொழுவுரம் இட்டு, அவ்வப்போது சாணம், கோமியம், வெல்லம் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தம் ஊற்றினேன். மூன்றாவதில் மண்வெட்டியே படவில்லை. இலைதழை மூடாக்கை விலக்கி விதை ஊன்றியதோடு சரி. எங்கள் மண் அமிலத்தன்மை மிகுந்தது, பட்டாணிக்கு அது ஆகாது. எனவே மூன்றுக்கும் முன்பே, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தேன். பட்டாணி விதையை, வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, அதில் புரட்டி நிழலில் உலர்த்தினேன்.

மார்ச்

பட்டாணி மளமளவென்று எழுந்துவிட்டது. கேரட் எப்போதும்போல மெத்தனம். கொடி பற்ற, தேயிலைக் கவாத்தில் வெட்டிக் கழித்த குச்சிகளை நட்டேன். கிளை கிளையாக இருப்பதால் மூங்கிலைவிட இவை மேல். யூரியா பாத்தி கரும்பச்சையாக நிற்கிறது. எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள்.

ஏப்ரல், பூத்த பிறகு

பாத்திக்கு ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். தொழுவுரப் பாத்தியில் முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரோஜா நிறம். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கும் வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மூடாக்குப் பாத்தியிலும் ஏறக்குறைய அப்படியே. யூரியா பாத்தியில் ஒன்றிரண்டு, அதுவும் வெளிறிப் போய். யூரியாவிலேயே தழைச்சத்து கிடைத்துவிடுகிறதே. இலையில் சோறு விழுந்த பிறகு யார் உலை வைப்பார்கள்?

பட்டாணி பக்கத்துப் பயிருக்குத் தழைச்சத்து ஊட்டும் என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உயிரோடு இருக்கும்வரை பிடித்ததில் பெரும்பகுதியைத் தனக்கும் தன் காய்க்கும்தான் வைத்துக்கொள்கிறது. வேரும் தழையும் மக்கினால்தான் மற்றவற்றுக்குப் பங்கு. கேரட்டுக்கும் தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழுக்கும். இந்த ஜோடியின் உண்மையான சௌகரியம் வேறு: கேரட் கிழங்கு பருக்கத் தொடங்கும்போது பட்டாணி காய்த்து ஓய்ந்து, வெயிலை விட்டுக்கொடுக்கிறது.

மே, ஜூன்

யூரியா பாத்தியில் அந்தக் கணக்கு கெட்டது. கொடி மண்டிக் கேரட்டின் மேல் சாய்ந்தது. இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோயும் அங்கேதான் முதலில். நனையும் கந்தகம் தெளித்தேன். முதல் பறிப்பில் காய் அதிகம்தான், ஆனால் அடுத்தடுத்த பறிப்புகளில் தொழுவுரப் பாத்தி எட்டிப் பிடித்துவிட்டது. கேரட்டும் தொழுவுரப் பாத்தியில்தான் நேராக, திரண்டு வந்தது. மூடாக்குப் பாத்தியில் பட்டாணிக்கு ஒரு குறையும் இல்லை. கேரட்டோ இறுகிய மண்ணில் முட்டி இரண்டு கால், மூன்று கால் என்று பிளந்துவிட்டது. சாம்பாருக்கு ஆகும், விற்பனைக்கு ஆகாது. ஆக, எந்த முறை சிறந்தது என்று கேட்டால், எந்தப் பயிருக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

ஓய்ந்த கொடிகளைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டிருக்கிறேன். அடுத்த முறை மூடாக்குப் பாத்தியில் கேரட்டுக்குப் பதில் பீட்ரூட். அது பாதி மண்ணுக்கு மேலேயே திரளும்.