வயிற்றுக்காக ஹிப்னாடிசம்: என் 12 வாரங்கள்

எங்கே போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வேன். ரயிலோ தியேட்டரோ, நடைவழி ஓரத்து இருக்கைதான் கேட்பேன். எழுந்து ஓட வசதி. எட்டு வருடம் இப்படியே போயிற்று. வயிற்றைப் பிசையும் வலி, உப்புசம், ஒரே காலையில் நாலு தடவை ஓட்டம். ரத்தம், மலம், கொலோனோஸ்கோபி என எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, எல்லாமே நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். கடைசியில் எரிச்சல் குடல் நோய் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக ஐ.பி.எஸ். (தமிழில் எழுதினால் போலீஸ் உயரதிகாரி மாதிரித் தெரியும். அதன் அதிகாரமும் ஏறக்குறைய அப்படித்தான்.)

மாத்திரைக்கும் பத்தியத்துக்கும் ஓரளவுதான் கேட்டது. குடல் மருத்துவர் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசம் மூலம் சிகிச்சை, என்ற பேச்சை எடுத்ததும் எனக்குச் சுருக்கென்றது. “அப்போ எல்லாம் என் மனப்பிரமைன்னு சொல்றீங்களா டாக்டர்?” என்று கேட்டுவிட்டேன்.

“வலி நிஜம்தான். குடல் அனுப்புற சேதி உங்க மூளையில அளவுக்கு மீறிச் சத்தமா கேக்குது. சத்தத்தைக் குறைக்க முடியுமான்னு பாக்கலாம்” என்றார்.

இது நேற்று முளைத்த சிகிச்சை இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. 1984-ல் பிரிட்டன் மருத்துவர் பீட்டர் வோர்வெல் குழுவினர், எந்த மருந்துக்கும் அடங்காத ஐ.பி.எஸ் நோயாளிகள் 30 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஹிப்னோதெரபி பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதலும், 12 மாதம் மருந்து எடுத்தும் குறையாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. சரி, போய்த்தான் பார்ப்போமே.

முதல் நாள் ஹிப்னாடிசமே நடக்கவில்லை. சிகிச்சை தரவிருந்தவர் ஒரு உளவியலாளர். நாற்பது நிமிடம் கேள்விதான் கேட்டார். வலி எப்போது வருகிறது, வலிப்பு நோய் உண்டா, இல்லாத குரல் காதில் கேட்டதுண்டா? மனச்சிதைவு போன்ற நோய் இருப்பவர்களுக்கு இது ஏற்றதில்லையாம், அதற்காகத்தான் அந்தக் கடைசிக் கேள்வி. ஆடும் கடிகாரச் சங்கிலி எங்கே என்று நான் தேடுவதைக் கவனித்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, “நீங்க தூங்கப் போறதில்ல, ரகசியத்தை உளறவும் போறதில்ல. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போகலாம்” என்றார். தூக்கம் என்ற குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 1840-களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரைப் பரப்பினார். அப்புறம் அவரே, இது ஒரே எண்ணத்தில் மனம் குவிவதுதான் என்று கண்டு பெயரை மாற்றப் பார்த்தார். ஊர் அதற்குள் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இரண்டாம் வாரம். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இமை கனத்தது, மூடினேன். பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணிக்கொண்டே படியிறங்கச் சொன்னார். வெளியே பைக் போகும் சத்தம் கேட்டது. ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். வலது மணிக்கட்டில் பலூன் கட்டியிருப்பதாகச் சொன்னார். சிறிது நேரத்தில் சுண்டுவிரல் தொடையை விட்டு எழும்பியது, பின்னாலேயே உள்ளங்கை. நான் தூக்கவில்லை, தடுக்கவும் இல்லை. வேண்டுமென்றால் இறக்கியிருக்கலாம், ஆனால் வேண்டும் என்று தோன்றவில்லை. இதைவிடத் தெளிவாக அந்த நிலையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் இது ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. சிலர் சட்டென்று ஆழ்ந்துபோவார்கள், சிலருக்கு ஏறவே ஏறாது. நான் நடுவாந்தரம் என்றார்.

உண்மையான சிகிச்சை அதற்குப் பிறகுதான். கையை வயிற்றில் வைத்து அதன் சூடு உள்ளே இறங்குவதாக நினைக்க வேண்டும். பிறகு குடலை ஓர் ஆறாகக் கண்டு, அது நிதானமாக ஓடுவதாகப் பார்க்க வேண்டும். இதைப் பதிவுசெய்து கொடுத்தார், தினமும் இருபது நிமிடம் வீட்டில் கேட்க. இங்கேதான் எனக்குச் சிக்கல். என் ஆறு அடங்க மறுத்தது. கண்ணை மூடினால் கரையை உடைத்துக்கொண்டு வெள்ளம்! நான்காம் வாரம் வரை ஒரு முன்னேற்றமும் இல்லை. பதிவைக் கேட்கச் சோம்பலாகி, கேட்டதாகப் பொய்யும் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. “ஆறு வேணாம். இறுக்கம் தளர்றதை நீங்க நேர்ல எங்க பாத்திருக்கீங்க?” என்றார். அம்மாவின் தையல் மிஷின் ஞாபகத்துக்கு வந்தது. நூல் இறுகித் துணி சுருங்கும்போது, ஊசிக்கு மேலே இருக்கும் சின்னத் திருகை அம்மா இரண்டு விரலால் இடப்பக்கமாகத் திருப்புவார். எண் ஐந்திலிருந்து நாலு, மூன்று. தையல் படிந்து உட்காரும். அந்தத் திருகுக்கே டென்ஷன் என்றுதான் பெயர்! அன்றிலிருந்து எனக்கு ஆறு கிடையாது, திருகுதான்.

ஏழாம் வாரம் ஒரு காலை, அலுவலகக் கூட்டத்துக்கு நடுவில் வழக்கமான பிசைவு தொடங்கியது. மேசைக்கு அடியில் இரண்டு விரலைத் திருப்பினேன். வலி போய்விடவில்லை. பக்கத்து அறையில் ஓடும் டிவி மாதிரி தள்ளிப் போயிற்று. கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

12 வாரமும் முடித்தேன். மோசமான நாள்கள் வாரத்துக்கு ஐந்து என்றிருந்தவை ஒன்றிரண்டாகக் குறைந்தன. உப்புசம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குத் திருகு அகப்படவில்லை.

கேள்விப்பட்டு இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். பல் மருத்துவரைக் கண்டு நடுங்குபவருக்குத் தாராளமாகப் போகச் சொன்னேன். சிகிச்சை நேரப் பயத்துக்கும் வலிக்கும் இது உதவுகிறது. சிகரெட்டை விட நினைத்தவரிடம் இதை மட்டுமே நம்ப வேண்டாம் என்றேன், அதற்குச் சான்று பலமாக இல்லை. மறந்த நினைவைத் தோண்டி எடுக்கிறேன், முற்பிறவியைக் காட்டுகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். அந்த நிலையில் நடக்காதது நடந்ததாக மனதில் பதிந்துவிடும். அதோடு, ரத்தம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது போன்ற அறிகுறி இருந்தால் முதலில் பரிசோதனைதான். நானும் அதை முடித்துவிட்டுத்தான் போனேன்.

போன மாதம் ஆறு மணி நேர ரயில் பயணம். முன்பதிவில் ஜன்னலோரத்தை அழுத்திவிட்டு, மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாற்றவில்லை. வழியில் ஒரு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் காலை மடக்கி வழிவிட்டார், அவ்வளவுதான்.