வீராணத்தில் தூண்டில்: முதலில் அடி, அப்புறம் இரை

தூண்டிலோடு லால்பேட்டைக் கரைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "என்ன இரை?" என்றுதான். கேட்க வேண்டியது "ஏரியில் இன்று எத்தனை அடி?" முழு அளவு 47.50 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மீன் கரையோரம் மேயும், அல்லது உள்ளே போய்ப் படுக்கும். மீன்பாசிக் குத்தகை (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தூண்டில் முள்ளை இறக்க வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் புதுத் தண்ணீர் வந்தால் கெண்டை வகைகள் நீர் வரும் திசையை எதிர்த்து ஏறும். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கும், மாவு உருண்டை எடுபடாது. மண்புழுதான் சரி. இரண்டு புழுவைக் கோத்து, வால் அரை விரல் நீளம் துடிக்கும்படி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போகாமல் இருப்பதே நல்லது. கரை வழுக்கும், மதகுப் பக்கம் இழுப்பு அதிகம்.

தை, மாசிதான் தெளிந்த தண்ணீர்க் காலம். மீனுக்குத் தூண்டில் நரம்பு தெரியும் என்பதால் 0.25 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு) போதும், 8 அல்லது 10 நம்பர் முள். (எண் ஏற ஏற முள் சிறுக்கும், கடையில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் நிறைய.) பனி விலகி வெயில் ஏறிய பிறகு, எட்டரை மணிக்கு மேல் போட்டால் போதும்.

இரைக்குக் கோதுமை மாவு இரண்டு பங்கு, பொடித்த கடலைப் பிண்ணாக்கு ஒரு பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, கடைசியில் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேருங்கள். பஞ்சு இல்லாத உருண்டை வீசும்போதே கழன்றுபோகும். ரொம்ப இறுகினாலும் வம்பு: மீன் கடித்து இழுக்கும்போது முள் மாவைத் தாண்டி வாயில் ஏறாது.

தக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெட்டித் தக்கை (மிதவை) தண்ணீருக்கு மேல் ஒரு விரல் அளவுதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் நின்றால் ஈயம் பற்றவில்லை, முழுகினால் அதிகம். முள்ளிலிருந்து நாலு விரல் தள்ளி ஈயத்தைக் கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவுங்கள். காய்ந்த நரம்பு உராய்ந்து சூடாகி அங்கேயே பலவீனமாகும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த முடிச்சில்தான்.

தக்கை இரண்டு மூன்று முறை துள்ளி நின்றால் ஜிலேபி (திலாப்பியா). அடியில் கிடக்கும் இரையை எடுத்துத் தலையைத் தூக்கும் கெண்டை என்றால், தக்கை மேலே எழும்பிச் சாய்ந்து படுக்கும். இழுப்பதற்கு அதுதான் நேரம். சட்டென்று உள்ளே போய் வரவே இல்லையா? கெளுத்தியாக இருக்கலாம்.

பங்குனி முதல் ஆனி வரை தண்ணீர் வற்றும். விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "இங்கே மீன் குவிந்து கிடக்கு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இரவெல்லாம் பாசி காற்றைத் தின்றுவிட்டதால் அவை மூச்சுக்குத் திணறுகின்றன, இரையைத் தொடாது. காற்று வந்து மோதும் கரைக்கு மாறுங்கள். அலையடிக்கும் இடத்தில் காற்று கலந்திருக்கும்.

விரால் நேரே வெளியில் மூச்சு வாங்கும் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், அல்லி இலைகள் என்று நிழல் உள்ள இடம்தான் அதற்குப் பிடிக்கும். 0.45 மி.மீ. நரம்பில் சிறு தவளையைக் கட்டி, இலை இடுக்கில் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கவ்வியதும் இழுக்க வேண்டாம், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் குஞ்சுகள் மிதந்தால் கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும், எதைக் காட்டினாலும் பாயும். அங்கே பிடித்தால் அந்தக் கொத்து மொத்தமும் மற்ற மீனுக்கு இரை. விட்டுவிடுங்கள்.

ஜிலேபி இதற்கு நேர்மாறு. ஓரத்தில் தட்டுத் தட்டாகக் குழி தெரிந்தால் அது ஆண் ஜிலேபி தோண்டியது. எவ்வளவு பிடித்தாலும் ஏரிக்கு நஷ்டமில்லை, நிற்கிற தண்ணீரிலேயே பெருகிவிடும். கட்லா, ரோகு அப்படியல்ல. ஓடுகிற தண்ணீர் இல்லாமல் முட்டையிடாது, ஏரியில் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு வளர்த்ததுதான். அதனால்தான் குத்தகைக்காரர் கட்லாவுக்குச் சண்டைக்கு வருவார், ஜிலேபிக்கு வரமாட்டார்.

புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் ஊசுட்டேரியைக் கேட்கிறார்கள். அது பறவைகள் சரணாலயம், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கெளுத்தியைக் கழற்றும்போது முதுகு முள்ளுக்கும் இரண்டு பக்க முள்ளுக்கும் பின்னால் ஈரத்துணியால் பிடியுங்கள். குத்தினால் பல மணி நேரம் கடுக்கும். தாங்கும் அளவு வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும்.