அட்டைக்கு அடியில் ஒரு பெயர்

மார்ச் 2, சனி. ஸ்ட்ராஸ்பூர்

நைட் டியூட்டி முடிந்து தூக்கம் வரவில்லை. நேரே பழம்பொருள் சந்தைக்கு நடந்தேன். பீங்கான் தட்டுகளுக்கும் துருப்பிடித்த சாவிக்கொத்துக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் சாய்ந்திருந்தார். அடர்ந்த மீசை, கலைந்த வெள்ளை முடி, எதையோ எழுதக் குனிந்த தலை. அச்சிட்ட படம்தான். ஆனால் கீழே பேனாவில் அவர் கையெழுத்து இருந்தது.

இந்த ஊரில் நர்ஸாக இருந்துகொண்டு அவரை விட்டுவிட்டு வர முடியுமா? செயின்ட் நிக்கோலா தேவாலயத்தில் போதகராகவும், பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பிப்பவராகவும் இருந்தவர், 1905இல் முப்பது வயதில் இங்கேதான் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். விலை கேட்டேன். கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், குறைத்தார். வாங்கிவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

கண்ணாடிக்குள் பூஞ்சை மாதிரி ஒரு புள்ளி தெரிந்ததால் சட்டத்தைப் பிரித்தேன். பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க அரைமணி நேரம் ஆனது. முன்பு யாரோ செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. பார்க்கவே வயிறு எரிந்தது.

சுற்றியிருந்த மவுண்ட் அட்டையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, கையெழுத்துக்கு மேலே இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. அட்டை அதை மறைத்திருக்கிறது. பிரெஞ்சில் 'நர்ஸ் இன்னாருக்கு, என் நல்ல நினைவுகளுடன்' என்று எழுதியிருக்கிறார். அவர் பலருக்கும் எழுதுகிற வாசகம்தான். பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவருக்குக் குடும்பம் இருக்கலாம். ஆனால் ஒரு நர்ஸ்! அந்தப் பெயரைச் சத்தமாக மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 6, புதன்

காகிதங்களைப் பாதுகாக்கும் வேலை பார்க்கும் தோழி வீட்டுக்கு எடுத்துப் போனேன். லென்ஸைக் கையில் கொடுத்து, "முகத்தைப் பார், அப்புறம் கையெழுத்தைப் பார்" என்றாள். முகம் முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த மாதிரி வரிசையாக. அச்சு அப்படித்தான் இருக்குமாம். கையெழுத்தில் புள்ளியே இல்லை. மை அந்தப் புள்ளிகளுக்கு மேலே ஓடியிருக்கிறது. இரண்டு கோடு குறுக்கே போகிற இடத்தில் கறுப்பு கூடுதலாக இருக்கிறது. காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தால் நிப் அழுத்திய பள்ளமும் தெரிகிறது. கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்த படங்கள் உண்டு, இது அப்படியில்லை என்று சொன்னாள். அட்டை இருந்த விளிம்பு நெடுகப் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அமிலமுள்ள மலிவு அட்டை வைத்தால் இப்படித்தான் ஆகும். செல்லோடேப்பை நானாக உரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கையெழுத்து வியாபாரம் செய்யும் ஒருவருக்கும் போட்டோ அனுப்பியிருந்தேன். பெயர் போட்டு எழுதியது என்றால் விலை குறையும், வெறும் கையெழுத்துக்குத்தான் கிராக்கி என்று பதில் வந்தது. அட்டை அங்கே எதற்கு வந்தது என்று இப்போது புரிகிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஷ்வைட்சருக்கு எழுதும்போது கை இறுகிப் பிடித்துக்கொள்ளும் தொந்தரவு இருந்தது. ஆர்கனில் பாக்கின் இசையை வாசித்த அதே கை, பேனா பிடித்தால் வலிக்கும். தன் பெயரை மட்டும் போட்டிருந்தால் அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அந்த வலியோடு முதலில் அவள் பெயரை எழுதியிருக்கிறார்.

மார்ச் 16, சனி

ஷ்வைட்சர் வளர்ந்த ஊரான குன்ஸ்பாக் போய் வந்தேன். கோல்மாரில் இறங்கி ரயில் மாறும் நேரத்தில் ஷாம்ப் த மார்ஸ் பூங்காவை எட்டிப் பார்த்தேன். அங்கே சிற்பி பர்தோல்தி செய்த கடற்படைத் தலைவர் புருவாவின் நினைவுச்சின்னத்தில் ஓர் ஆப்பிரிக்க மனிதரின் சிலை இருந்தது. அந்தச் சோகமான முகம்தான் சிறுவயதில் தன்னை உலுக்கியது என்று ஷ்வைட்சர் எழுதியிருக்கிறார். பழைய சிலை போரில் போய்விட்டது, இப்போது இருப்பது பின்னால் செய்தது. இருந்தாலும் ரயிலை மறந்து நின்றுவிட்டேன்.

குன்ஸ்பாக் வீட்டை அவர் 1928இல் கிடைத்த கோதே பரிசுப் பணத்தில் கட்டினார். எனக்கு அங்கே அவர் மனைவி ஹெலனைப் பற்றியே நினைப்பு. கணவரோடு போவதற்காகவே நர்ஸ் பயிற்சி எடுத்தவர். 1913 புனித வெள்ளியன்று இருவரும் குன்ஸ்பாக்கிலிருந்துதான் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்த இடம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காபோனில், ஓகோவே ஆற்றங்கரையில் லம்பரேனே. முதலில் வைத்தியம் பார்த்த இடம் ஒரு பழைய கோழிக்கூடு. இந்தப் பகுதி அப்போது ஜெர்மனியின் கையில் இருந்ததால், 1917இல் ஜெர்மன் குடிமக்கள் என்று பிரெஞ்சு அரசு இருவரையும் பிடித்துக்கொண்டு வந்து முகாமில் அடைத்தது. 1924இல் அவர் திரும்பிப் போனபோது ஹெலனால் கூடப் போக முடியவில்லை. உடம்பு கெட்டுப்போயிருந்தது, கையில் குழந்தை வேறு.

மார்ச் 17, ஞாயிறு

அம்மாவுக்குப் படத்தை அனுப்பினேன். காரைக்காலிலிருந்து உடனே போன்.

"யாருடி இது, மீசைக்காரர்?"

சொன்னேன். திருக்குறளைப் புகழ்ந்து எழுதியவர் என்றதும், "அட, உங்க அப்பா சொல்லுவாரே, அவரா!" என்றாள். அவரேதான். லம்பரேனே ஆஸ்பத்திரியில் நோயாளியோடு குடும்பமே வந்து தங்கி, அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். "இங்க பெரியாஸ்பத்திரி மாதிரி இருக்கும்போல" என்றாள். எனக்கு அந்த ஏற்பாட்டில் மரியாதை உண்டு. சொந்தக்காரர் கையால் கஞ்சி குடிக்கிற நோயாளி சீக்கிரம் எழுந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. ஆப்பிரிக்கரிடம், 'நான் உன் சகோதரன்தான், ஆனால் அண்ணன்' என்ற முறையில் பழக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். 1954 நவம்பர் 1இல் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. மூன்றே நாள் கழித்து, நவம்பர் 4இல், அவர் ஓஸ்லோவில் நோபல் உரை ஆற்றினார். தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். அந்த அண்ணன் தம்பி உறவு எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அந்த வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. நோபல் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கு வீடு கட்டச் செலவழித்ததையும் மறக்க முடியவில்லை. படத்தைக் கழற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்புறம் அந்த நர்ஸின் பெயரைப் பார்த்தேன். கழற்றவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

தோழி செல்லோடேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கறை கொஞ்சம் நிற்கிறது, நிற்கட்டும். அமிலமில்லாத அட்டையில் புது மவுண்ட் வெட்டினோம். முதலில் அவள் பழைய அளவையே குறித்தாள். "இன்னும் இரண்டு விரல் மேலே" என்றேன். அளந்து பார்த்துவிட்டு அப்படியே வெட்டினாள்.

வெயில் பட்டால் மை வெளுக்கும் என்பதால் ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று முடிவாயிற்று. வாசலை ஒட்டிய சுவரில், வெள்ளைக்கோட்டு மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் ஆணி அடித்தேன். டியூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால், அவள் பெயர் சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது.